நகர்த்தக்கூடிய ரோபோ பணிமேடைகள்: இராமநாதபுரம் கடற்கரைத் தொழிற்கூடங்களுக்கான கேள்வி பதில்கள்

வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் தொண்டி வரையிலும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மூக்கையூர் வரையிலும் உள்ள நண்டு, இறால், கணவாய் பதப்படுத்தும் கூடங்களிலும், கருவாட்டுக் கிடங்குகளிலும், உப்புப் பொட்டலமிடும் செட்டுகளிலும் சிறிய ரோபோ கைகளைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். பெரும்பாலோர் விலையில் தொடங்குகிறார்கள். ஆனால் இந்தக் கரையில் ஒரு இயந்திரம் பயன்படுமா, மூலையில் துணி மூடிக் கிடக்குமா என்பதை அதன் வடிவமைப்பே முடிவு செய்கிறது. இத்தகைய மேடைகளை வடிவமைப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

நகர்த்தக்கூடிய கூறமைப்பு ரோபோ பணிமேடை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓர் ஆள் நின்று செய்யும் வேலைக்குத் தேவையான ரோபோ கை, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, பொருளைப் பிடிக்கும் கிரிப்பர், கேமரா, ஆள் நெருங்குவதைக் கண்டறியும் பாதுகாப்பு ஸ்கேனர், மின் பேனல் ஆகிய அனைத்தையும் சுமக்கும் ஒரு சக்கர மேடையையே அப்படிச் சொல்கிறோம். இரண்டு பேர் தள்ளிச் சென்று வேறோர் இடத்தில் நிறுத்தி, சற்று நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட முடிய வேண்டும். கூறமைப்பு என்பது, இவற்றில் எந்த ஒன்றையும் மற்றவற்றைக் குலைக்காமல் கழற்றி மாற்ற முடிவதைக் குறிக்கிறது.

அளவுகளைப் பேசுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008 முதல் விற்றுவரும் வகையைச் சேர்ந்த யூஆர்5இ என்ற கையின் எடை 20.6 கிலோ, அது 850 மி.மீ. தொலைவு வரை எட்டும். 5 கிலோ வரை தூக்கும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்தக் கையை வைத்துப் போட்டவை.

ஒரே இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தினால் என்ன குறை?

பெரிய ஊர்களின் மோட்டார் தொழிற்சாலைகளில் ஒரே பாகம் ஆண்டு முழுவதும் ஒரே வரிசையில் வருவதால், அங்கே நிலையான ரோபோ லாபம் தருகிறது. நம் கரையில் சரக்கு அப்படி வருவதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் வடகடலில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் இல்லை. ஆகவே படகுகள் கரை திரும்பிய நாளில் கூடம் முழுவதும் பெட்டிகள் நிறைந்திருக்க, மறுநாள் கழுவிய தரை மட்டுமே மிஞ்சுகிறது.

இதே ஏப்ரல், மே மாதங்களில்தான் வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வெயில் ஏறி உப்பு வாருவது மும்முரமாகிறது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் வலை போடுவதால் நண்டு முற்றிலும் நின்றுபோவதில்லை. கணவாய், இறால் வரத்துதான் பெரிதும் குறைகிறது. கணவாய் பெட்டியடுக்கும் இடத்தில் இரண்டு மாதம் சும்மா நிற்கக்கூடிய ஒரு கை, அதே இரண்டு மாதத்தில் உப்புப் பொட்டலம் அடுக்கப் போகலாம். வேலையே இடம் மாறும் ஊரில் இயந்திரமும் இடம் மாற வேண்டும் என்பதுதான் என் வடிவமைப்பு முழுவதற்கும் அடிப்படை. இரண்டு கூடங்களும் ஒரே உரிமையாளருடையவையாக இருக்க வேண்டியதில்லை. நாள் வாடகைக்கோ, சங்கம் வழியாகப் பொதுவில் வாங்கியோ பயன்படுத்தலாம்.

இதற்காகவே மேடையின் அடிச்சட்டத்தை 800 மி.மீ.க்கு 600 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். பழைய கூடங்களின் ஒற்றைக் கதவு வழியாக அது நுழையும். குட்டியானை வண்டியில் ஏற்றிக் கட்டவும் இடம் தாராளமாக இருக்கும்.

எந்த வேலைக்கு இது பொருந்தும்? நண்டுச் சதை எடுக்குமா?

எடுக்காது, எடுக்க வைக்க முயல்வதும் தவறு என்றே நினைக்கிறேன். வேகவைத்த நீலக்கால் நண்டின் ஓட்டைப் பிரித்து, சதை உடையாமல் முழுக் கட்டியாக எடுப்பது பல ஆண்டுப் பழக்கத்தில் விரலுக்கு வந்த அறிவு. ஒவ்வொரு நண்டும் வேறு அளவு, வேறு வடிவம். ஓட்டுத்துண்டு ஒன்று சதையோடு போனாலும் சரக்கு திரும்பி வரும்.

பொருந்துவது அதற்கு அடுத்த வேலை. சதையை நிரப்பி மூடிய 454 கிராம் டப்பாக்களைக் கன்வேயரிலிருந்து எடுத்துக் கூடையில் அடுக்குவது, பாஸ்டரைஸ் செய்து குளிரவைத்தபின் அட்டைப்பெட்டியில் வைப்பது, லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கேமராவுக்குக் காட்டித் திருப்புவது ஆகியவை ஒரே அளவுப் பொருளை ஒரே விதமாகக் கையாளும் வேலைகள். ஒரு டப்பாவுக்கு 6 விநாடி ஆனால் மணிக்கு 600 டப்பா. இது மனிதக் கையைவிட வேகம் என்று சொல்ல மாட்டேன். எட்டாவது மணி நேரத்திலும் இதே 600 என்பதுதான் இதன் பலன். கருவாட்டுப் பொட்டலங்களையும் 1 கிலோ உப்புப் பொட்டலங்களையும் அடுக்குவதும் இதே வகையில் சேரும்.

உலர்ந்த கடற்பாசி மூட்டைகளுக்கும், உப்பு மூட்டைகளுக்கும் இந்த அளவுக் கை பயன்படாது. 5 கிலோ என்பதில் கிரிப்பரின் எடையும் அடக்கம்; கிரிப்பர் 1.2 கிலோ என்றால் பொருளுக்கு மிஞ்சுவது 3.8 கிலோதான்.

கூறுகளைக் கழற்றி மாட்டுவது எளிதாக இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

இணைப்புகளை. இயந்திர இணைப்பு, மின்சாரமும் காற்றும் போகும் இணைப்பு, தகவல் போகும் இணைப்பு என்று மூன்றே வகை இணைப்புகளை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன்பின் எந்தக் கூறும் அவற்றை மீறக் கூடாது என்று விதித்துக்கொள்ள வேண்டும். கையின் மணிக்கட்டில் கிரிப்பர் பொருந்தும் வட்டத்தட்டுக்கு ஐஎஸ்ஓ 9409 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. இந்த அளவுக் கைகளில் 50 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்6 (6 மி.மீ. போல்ட்) துளைகள் என்பதே பரவலான அமைப்பு. இதைப் பின்பற்றினால் கையை ஒரு நிறுவனத்திடமும் கிரிப்பரை உள்ளூர் லேத் பட்டறையிலும் வாங்கலாம். காற்றுக் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வெவ்வேறு உருவமுள்ள பிளக்குகளை வைத்தால், இரவுப் பணியில் அவசரமாக மாட்டுபவரும் மாற்றி மாட்ட முடியாது.

தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தால், அதே இடத்தில் சரியாக நிற்குமா?

இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விற்பனைத் தாளில் இந்தக் கை ஒரே புள்ளிக்கு 0.03 மி.மீ. துல்லியத்தில் திரும்பி வரும் என்று போட்டிருக்கும். அது உண்மை, ஆனால் கை பொருத்தப்பட்ட மேடை அசையாதபோது மட்டுமே உண்மை. மேடையைத் திரும்ப நிறுத்தும்போது 1 பாகை திரும்பி நின்றுவிட்டால், 850 மி.மீ. தொலைவில் கையின் முனை ஏறத்தாழ 15 மி.மீ. விலகி நிற்கும். டப்பாவின் மூடியை உறிஞ்சிப் பிடிக்க வேண்டிய கிரிப்பர் அதன் விளிம்பில் போய் இறங்கும். தரையில் பெயின்ட் கோடு போட்டு அதன்மேல் சக்கரத்தை நிறுத்துவதால் இந்தப் பிழை தீராது.

அதோடு மீன் கூடங்களின் தரை மட்டமாக இருப்பதில்லை. கழுவிய தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகவே சரிவாகப் போடுகிறார்கள். 100க்கு 1 என்ற சரிவிலேயே 800 மி.மீ. நீள மேடையின் இரு முனைகளுக்கிடையே 8 மி.மீ. ஏற்றத்தாழ்வு வந்துவிடும்.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. மேடை நிற்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தட்டைத் தரையில் பதித்து, ரசமட்டம் வைத்து ஒருமுறை சமன் செய்துவிடுகிறோம். தட்டில் நடுவை நோக்கிய மூன்று ஆங்கில வி வடிவப் பள்ளங்கள்; மேடையின் அடியில் அவற்றுக்கு நேராக மூன்று எஃகு உருண்டைகள். மேடையைத் தட்டின்மேல் தள்ளி நெம்புகோலை அழுத்தினால் சக்கரங்கள் மேலேறி, உருண்டைகள் பள்ளங்களில் உட்காரும். ஒவ்வோர் உருண்டையும் பள்ளத்தின் இரு சுவர்களைத் தொடுவதால் மொத்தம் ஆறு தொடுபுள்ளிகள். முன்பின், இடவலம், மேல்கீழ் என்ற மூன்று நகர்வுகளையும் மூன்று சுழற்சிகளையும் கட்டிப்போட ஆறே போதும். மூன்று கல் அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காருவதும் இதே காரணத்தால்தான். விலை கூடிய மேடை ஒன்றே ஒன்று, விலை குறைந்த தட்டுகள் எத்தனை இடத்துக்கும் என்ற கணக்கில் செலவும் அடங்குகிறது.

பள்ளத்தின் அடியை மூடிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நண்டு ஓட்டுச் சில்லு பள்ளத்துக்குள் சிக்கினாலும் உருண்டை உயர்ந்து நின்று மேடை சாய்ந்துவிடும். அடி திறந்திருந்தால் தரை கழுவும் குழாய்த் தண்ணீரே சில்லை அடித்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கேமரா ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கருப்பு வெள்ளைச் சதுரங்களாலான ஏப்ரல்டேக் அல்லது அருக்கோ குறிகளை வேலையிடத்தில் மூன்று இடங்களில் ஒட்டி, வேலை தொடங்குமுன் கை அவற்றைப் பார்த்துத் தன் நிலையைத் திருத்திக்கொள்ளச் செய்யலாம். விலகல் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளாமல் நின்று ஆளை அழைக்குமாறு நிரல் எழுதுங்கள். அந்த அளவு விலகினால் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள்.

கை நீட்டும்போது மேடை கவிழ்ந்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேடையின் மற்ற எடை 150 கிலோ என்றும், மூன்று உருண்டைகள் அமைக்கும் முக்கோணத்தின் நடுவிலிருந்து விளிம்பு 0.20 மீட்டர் என்றும் கொள்வோம். எடையைத் தொலைவால் பெருக்கினால், தாங்கும் பக்கம் 30. கையின் முழு எடையும் சுமையும் சேர்ந்த 25.6 கிலோ, நீட்டிய முனையிலேயே தொங்குவதாக மிகைப்படுத்திக் கொண்டால், விளிம்புக்கு வெளியே 0.65 மீட்டர்; கவிழ்க்கும் பக்கம் ஏறத்தாழ 16.6. அசையாமல் நிற்கும்போது கவிழாது. ஆனால் முழு வேகத்தில் சுழலும் கை அவசர நிறுத்தத்தில் திடீரென நிற்கும்போது வரும் உதைப்பு இந்தக் கணக்கில் இல்லை. அதனால் மேடையைத் தட்டோடு கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கொக்கிப் பூட்டு கட்டாயம் வேண்டும். பூட்டு விழுந்ததை ஒரு சென்சார் உறுதி செய்யாதவரை கைக்கு மின்சாரமே போகாதபடி அமைக்க வேண்டும். சக்கரங்களின்மேல் நிற்கும் மேடையில் கையை இயக்கிப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள், சோதனைக்குக்கூட.

உப்புக் காற்றை இது தாங்குமா?

சாதாரணமாகக் கட்டிய மேடை தாங்காது. 1914இல் திறந்த பாம்பன் பாலம் துருவோடு எவ்வளவு போராடியது என்பது இந்தக் கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும், முழுவதும் வெல்டிங் செய்த இணைப்புகளும் பயன்பட்டது அந்த அனுபவத்தால்தான். அந்தக் காற்றுத்தான் நம் கூடத்தின் ஜன்னல் வழியாகவும் வருகிறது.

சட்டத்துக்கு 304 வகை எஃகு போதாது. மாலிப்டினம் கலந்த 316 வகையையே கேளுங்கள். பட்டறையில் இரண்டும் ஒரே மினுமினுப்பில் இருக்கும் என்பதால் சான்றிதழ் கேட்டு வாங்குவது நல்லது. வெளியூர்களில் இத்தகைய மேடைகளை அலுமினியச் சட்டங்களால் கட்டுகிறார்கள். எடை குறைவு, பூட்டுவது எளிது. இங்கே அலுமினியத்தில் எஃகு போல்ட் சேரும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், இரு உலோகங்களும் ஒரு பேட்டரியைப் போல் இயங்கி அலுமினியம் அரிக்கப்படும்.

நான் கட்டிய முதல் மேடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓராண்டு கழித்துக் கிரிப்பர் தட்டைக் கழற்றப் போனபோது நான்கு போல்ட்டுகளில் இரண்டு அசையவில்லை. ஆலன் சாவியை அழுத்தித் திருப்பியதும் போல்ட் தலைக்குள்ளிருந்த அறுகோணம் மழுங்கி வட்டமாகிவிட்டது. துளையிட்டு எடுத்தபோது மரைகளுக்கிடையே சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பத்து நிமிடத்தில் மாற்ற வேண்டிய கிரிப்பருக்கு ஒரு பகல் போயிற்று; கழற்ற முடியாவிட்டால் கூறமைப்பு என்ற சொல்லுக்கே பொருளில்லை என்று அன்று புரிந்துகொண்டேன். அதன்பின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இறுகாமல் காக்கும் பசை தடவுகிறோம், உலோகங்களுக்கிடையே நைலான் வாஷர் வைக்கிறோம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் கழற்றி மாட்டுகிறோம்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்விசிறி வெளிக்காற்றை இழுக்கும் அமைப்பு இருந்தால், அது உப்பையும் சேர்த்தே இழுக்கும். மூடிய வெளிப்பெட்டிக்குள் வைத்து, வெப்பத்தைச் சுவர் வழியாக வெளியேற்றும் அமைப்பே இங்கு நிலைக்கும். யூஆர்5இ கை ஐபி54 தரமுடையது. தெறிக்கும் நீரைத் தாங்குமே தவிர, குழாயைப் பிடித்துக் கழுவினால் தாங்காது. உணவுக்கூடத்தில் கழுவாமல் முடியாது என்பதால், கழுவத்தக்க உறை போட வேண்டும். அல்லது தரை கழுவும் நேரத்தில் மேடையை வெளியே தள்ளிவிட வேண்டும். நகர்த்தக்கூடியது என்பதன் மிகச் சாதாரணமான, மிகப் பயனுள்ள பலன் இதுதான்.

குளிர்பதன அறைக்குள் வைக்கலாமா?

இந்தக் கைகள் 0 முதல் 50 பாகை செல்சியஸ் வரையே இயங்கும் என்று குறிக்கப்பட்டவை. உறைநிலைக் கிடங்குக்குள் கூடாது. குளிரூட்டிய பொட்டலமிடும் அறையில் வைக்கலாம். அங்கிருந்து வெளியே கொண்டுவந்ததும் ஐஸ் தண்ணீர் டம்ளரைப் போல உலோகம் முழுவதும் வியர்க்கும். அந்த ஈரம் காயும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.

வேலி இல்லாமல் ஆட்களுக்கு நடுவில் இயக்குவது பாதுகாப்பா?

கை மெதுவாகப் போகும், தொட்டால் நின்றுவிடும் என்ற ஒற்றை வாக்கியத்தை நம்பி யாரும் இறங்கக் கூடாது. தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரம் 2025இல் திருத்தப்பட்டது. மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோக்களுக்காக 2016இல் தனியாக வந்த 15066 என்ற ஆவணத்தின் உள்ளடக்கமும் அதில் சேர்ந்துவிட்டது. கை விரலை நசுக்கும் விசைக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65 நியூட்டன் என்று உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் அந்த ஆவணம் வரம்பு வைத்தது. கிரிப்பரின் விளிம்பு கூர்மையாக இருந்தாலோ, கை தூக்குவது தகர டப்பாவாக இருந்தாலோ, கை பாதுகாப்பானது என்பது மட்டும் போதாது. முழு வேலையையும் மதிப்பிட வேண்டும்.

நகரும் மேடைக்கு இன்னொரு கடமை உண்டு: இடம் மாறும் ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறம் மாறுகிறது. புதிய இடத்தில் பின்னால் ஒரு தூண் இருந்தால், கைக்கும் தூணுக்கும் நடுவில் ஆள் சிக்கலாம். எனவே ஒவ்வொரு தரைத்தட்டுக்கும் தனி எண், அந்த எண்ணுக்குத் தனிப் பாதுகாப்பு மதிப்பீடு, மேடை அந்த எண்ணைப் படித்து அதற்குரிய எல்லைக்குள் மட்டும் இயங்குவது என்று அமைக்க வேண்டும்.

ஸ்கேனர் எவ்வளவு தொலைவில் ஆளைக் கண்டு கையை நிறுத்த வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆள் விநாடிக்கு 1,600 மி.மீ. வேகத்தில் வருவதாகக் கொள்கிறார்கள். கை நிற்க 0.4 விநாடி ஆனால் 640 மி.மீ. தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் உள்ள ஸ்கேனருக்குக் கூடுதலாக 1,120 மி.மீ. சேர்க்க வேண்டும். மொத்தம் 1,760 மி.மீ. நெருக்கமான கூடத்தில் சுற்றிலும் இவ்வளவு இடம் விடுவது கடினம் என்று சொல்வார்கள். அப்படியானால் கையின் வேகத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, இந்தத் தொலைவைக் குறைக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு என்ன செய்வது?

230 வோல்ட் ஒற்றைக் கட்ட இணைப்பு போதும். கை, கணினி, கேமரா, சிறிய உறிஞ்சு பம்பு எல்லாம் சேர்த்து 600 வாட் என்று திட்டமிடலாம். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட் இருக்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரியின் எடை 40 கிலோவுக்கு மேல் என்பதால், அடித்தட்டில் வைத்தால் மேடையின் உறுதிக்கும் உதவும். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் கூடங்களில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத பிளக்கில் மேடையை மாட்டவே கூடாது.

இங்கே வேலை செய்யும் பெண்களின் வேலை போய்விடுமா?

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். டப்பா அடுக்கும் இடத்தில் ஒரு மேடை வந்தால், அந்த இடத்தில் நின்றவருக்கு அந்த வேலை இருக்காது. அவரைச் சதை எடுக்கும் வரிசைக்கோ, தரம் பார்க்கும் மேசைக்கோ, இந்த மேடையையே இயக்கும் பொறுப்புக்கோ மாற்றுவதாக முதலாளி முன்கூட்டியே சொல்லிச் செய்தால்தான் இது நியாயமாகும். நாள் முழுவதும் குளிர்ந்த ஈரத்தரையில் நின்று ஆயிரக்கணக்கில் டப்பா தூக்கும் அக்காமார்களின் தோளும் மணிக்கட்டும் படும் பாட்டை நேரில் பார்த்திருப்பதால், அந்த ஒரு வேலை மாறுவது நல்லது என்று நம்புகிறேன். மேடையின் திரையில் வரும் எல்லாச் சொற்களும் தமிழில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகவே. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியபின் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால், அந்த மேடை வேறொருவருடையதாகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

மரச்சட்டத்தில் 800 மி.மீ.க்கு 600 மி.மீ. அளவில் ஒரு வெற்று மேடை அடித்து, அதன்மேல் 850 மி.மீ. கயிறு ஒன்றைக் கட்டுங்கள். சரக்கு நிறைந்த நாளில் அதைக் கூடத்துக்குள் தள்ளிப் போய், நிறுத்த நினைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் கயிற்றைச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கதவு இடிக்கிறது, எந்த வாய்க்கால் மூடியில் சக்கரம் மாட்டுகிறது, ஆட்கள் எந்தப் பக்கமாக நடக்கிறார்கள், டப்பாவும் பெட்டியும் கயிற்றின் எல்லைக்குள் வருகின்றனவா என்பதையெல்லாம் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இயந்திரம் விற்பவரை அந்தக் குறிகளின் முன் நிறுத்தி விலை கேளுங்கள்.